இடத்தோளில் கூட்டாமல் விட்ட ஆறு சுற்று

கண்ணு,

நீயும் அகிலாவும் டேராடூனுக்கு ரயில் ஏறி இன்றோடு நான்கு நாள். வாசலில் மாவிலை காய்ந்துவிட்டது, லட்டு டப்பாவில் தூள்தான் மிச்சம், ஆனால் எனக்கு இன்னும் தரையில் கால் பாவவில்லை. காய்கறி வாங்கப் போனால் கடலூர் முதுநகர் கடைத்தெருவே என்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல் ஒரு நினைப்பு. மாப்பிள்ளையைப் பெற்றவள் நாலு நாள் கழுத்தை நிமிர்த்தி நடக்கட்டுமே, அதனால் யாருக்கு என்ன நஷ்டம்?

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் சிதம்பரம் கீழ வீதி மண்டபத்தில் உன் மாமா, என் தம்பி, உன்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு யோசனை சொன்னான். முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவதும் மற்ற இரண்டை நாத்தனார் போடுவதும்தான் நம் வழக்கம். அவனோ, "நீ கயித்த சும்மா தொட்டுக் குடுத்துடு மாப்ள, மூணையும் செல்வியே போட்டுடட்டும். கூட்டத்துல யாரு உத்துப் பாக்கப் போறாங்க?" என்றான். பிறக்கும்போதே இடத்தோளில் நரம்பு இழுபட்டு, கை மெலிந்து, தோளுக்கு மேல் எழாமல் போன பிள்ளை நீ. அவன் பயந்ததில் தப்பில்லை. நீ தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாய். மறுநாள் மேடையில் என்ன செய்தாய்! அகிலா குனிந்து தோளைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக் கொடுத்தாள். உன் இடக்கை அவள் தோளில் உட்கார்ந்தது, இரண்டு விரலில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வலக்கையால் முதல் முடிச்சைப் போட்டாய். உன் தங்கச்சி பின்னாலிருந்து கையை நீட்டினாள். "செல்வி, தள்ளிக்க," என்றாய். "யண்ணா, அது எம் முடிச்சு!" என்று அவள் கத்தினது மைக்கில் விழுந்தது. நீ கேட்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது எல்லாம் நீயேதான். தவில்காரருக்குக் கை ஓய்ந்துபோயிற்று, ஆனாலும் நிறுத்த முடியாதே, கெட்டிமேளம் அடித்துக்கொண்டே இருந்தார். பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் எச்சில் கையோடு ஓடி வந்து பார்த்தார்கள். அப்போது நான் அழுதேன் என்று செல்வி சொல்லித் திரிகிறாள். ஆமாம், அழுதேன். அதற்கு இப்போது என்ன?

வினை வந்தது அதற்கப்புறம் பந்தியில். இட்லியும் கொத்சுவும் போட்டுக்கொண்டிருந்தார்கள். உன் மாமா வாயில் இட்லியை வைத்துக்கொண்டு, எதிர்ப்பந்திக்கும் கேட்கிற மாதிரி, "எக்கா, நீ ஒருத்தி இல்லன்னா இவன் டேராடூன் போயிருப்பானா? மாமாதான் அன்னிக்கு முட்டுக்கட்டை போட்டாரே!" என்று உங்கப்பாவைக் காட்டிச் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். தண்ணீர்ச் சொம்போடு நின்றுகொண்டிருந்த உங்கப்பாவும் சிரித்தார். நான் மட்டும் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். புறப்படுகிற அன்று நீ என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை, அப்பாவிடம் "வரேம்பா" என்று ஒரே ஒரு வார்த்தை. நாலு வருஷமாக அவருக்கு உன்னிடமிருந்து அந்த ஒரு வார்த்தைதான் கிடைக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு. அகிலாவும் படிக்கட்டும், அவளுக்குத் தெரியாத இடங்களைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

ஸ்வெட்டரில் தொடங்கின கதை இது. கடலூர்க்காரிக்கு ஸ்வெட்டர் எதற்கு என்று அகிலா கேட்பாள், நியாயம்தான். எங்களுக்கு மார்கழியிலேயே விசிறி வேண்டும். 2004 கடைசியில் கடல் ஊருக்குள் வந்தது. அதைப்பற்றி நான் எழுதப்போவதில்லை, அதற்கு என்னிடம் தெம்பில்லை. அதற்குப் பிறகு வந்த துணிகளைப்பற்றி மட்டும் சொல்கிறேன். நான் சத்துணவு அமைப்பாளராக இருக்கும் பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பறை நிறையத் துணி மூட்டை. எங்கெங்கிருந்தோ நல்ல மனசோடு அனுப்பியிருந்தார்கள். அதில் ஒரு அறை முழுக்கக் கம்பளிச் சட்டை, குரங்குக் குல்லாய், கையுறை. வாங்க வந்த ஒரு அம்மா ஒரு ஸ்வெட்டரைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இத போட்டுக்கினு மீனு விக்கப் போனா கூடையிலயே மீனு வெந்துடும் டீச்சர்!" என்றாள். பல நாளுக்கு அப்புறம் அந்த வராந்தாவில் சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றுதான். எல்லாம் கொடுத்து முடிந்தபின் ஸ்வெட்டர்கள் மட்டும் அப்படியே கிடந்தன. சூடான அண்டாவைப் பிடித்து இறக்கக் கரித்துணியாகட்டும் என்று கேட்டு ஒன்றை எடுத்து வந்தேன். சாம்பல் நீலத்தில் பெரிய ஆம்பிளைச் சட்டை.

அடி ஓரத்தில் நூல் தொங்கிற்று. இழுத்தேன். சரசரவென்று வந்தது. வெட்டித் தைத்த துணியாக இருந்தால் தையல் ஒரு இடத்திலாவது மறித்திருக்கும், இதில் எதுவும் மறிக்கவில்லை. உடம்பு சுற்றிச் சுற்றிப் பிரிந்து அக்குள் வரைக்கும் வந்தது. கைகள் இரண்டும் மணிக்கட்டிலிருந்து தனித்தனியாகப் பிரிந்து அதே அக்குளுக்கு வந்து நின்றன. அதற்கு மேலே கையும் உடம்பும் ஒரே வட்டம். பள்ளிக்கூடத்தில் கைத்தொழில் வகுப்பில் இரண்டு ஊசியை வைத்துக்கொண்டு ஒரு சதுரம் பின்னினதோடு சரி, எனக்கு அதற்குமேல் ஒன்றும் தெரியாது. ஆனால் எண்ணத் தெரியும். தினமும் பிள்ளைகளுக்கு முட்டை எண்ணிப் போடுகிறவள், என் எண்ணிக்கை ஒரு நாளும் தப்பினதில்லை, இதை நினைவில் வைத்துக்கொள். ஊசியில் நிற்கிற ஒவ்வொரு வளையத்துக்கும் கண்ணி என்று பேர். சுற்றுக்குச் சுற்று கண்ணியை எண்ணி, உன் பழைய நோட்டில் எழுதிக்கொண்டே பிரித்தேன். ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று எட்டுக் கண்ணி காணாமல் போயிற்று. முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு என்று கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்வாக நாலு கோடு, ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. அப்போதுதான் பிடிபட்டது. இந்தச் சட்டையைக் கழுத்தில் தொடங்கிக் கீழே பின்னிக்கொண்டு வந்திருக்கிறார்கள். நான் பிரிக்கும்போது குறைகிற எட்டுதான் அவர்கள் பின்னும்போது கூட்டின எட்டு! அடுப்படியில் எழுந்து நின்று கையைத் தட்டினேன். பிளஸ் டூ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த நீ ஓடி வந்து, "இன்னாம்மா, பாம்பா?" என்று கேட்டாய்.

பிரிப்பது சுலபம், அதையே திரும்பப் பின்னுவது பெரும்பாடு. அப்பா பழைய குடையிலிருந்து ஐந்து கம்பியை உருவி, இரண்டு முனையையும் உரசிக் கொடுத்தார். நாலு கம்பியில் கழுத்து வட்டத்தை நிறுத்தி ஐந்தாவதால் பின்னினேன். கூட்டுகிற இடத்தில் நூலை ஊசிமேல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் ஒரு கண்ணி அதிகமாகிவிடும், அதைத்தான் முதலில் செய்தேன். நாலு கோட்டிலும் வரிசையாக ஓட்டை. "இது சட்டையா கொசுவலையா?" என்று கேட்டுவிட்டு அப்பா டூட்டிக்குப் போய்விட்டார். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே நாளைக்கு மூன்று நடை பஸ் ஓட்டுகிற மனிதர், ஒரு கேலியை விட்டுவிட்டு எட்டு மணி நேரம் காணாமல் போய்விடுவார், எனக்குப் பதில் சொல்ல ஆளே இருக்காது. அடுத்து ஒரே கண்ணியின் முன்னால் ஒருதரம், பின்னால் ஒருதரம் குத்தி அதை இரண்டாக்கினேன். ஓட்டை போயிற்று, ஆனால் கோடு நெடுக அம்மைத் தழும்புபோல் முடிச்சு. மூன்றாவதாகத்தான் நோட்டை எடுத்துப் பார்த்தேன். பிரிக்கும்போது கூட்டின கண்ணி கரைந்து, இரண்டு கண்ணிக்கு நடுவில் ஒரு குறுக்கு நூலாகக் கிடந்தது என்று நானே எழுதி வைத்திருந்தேன். அந்தக் குறுக்கு நூலைத் தூக்கி ஊசியில் போட்டு, முறுக்கிப் பின்ன வேண்டும். முறுக்காவிட்டால் பழையபடி ஓட்டை. கோட்டுக்கு வலப்பக்கம் ஒரு திசையில் முறுக்கு, இடப்பக்கம் எதிர்த்திசையில் முறுக்கு. அப்போது இரண்டும் கோட்டைப் பார்த்து வணங்கி நிற்கும். நாலு கோடும் கழுத்திலிருந்து அக்குளுக்கு வாய்க்கால்போல் சுத்தமாக ஓடினதைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நீ சிதம்பரத்தில் நிலவியல் படிக்கச் சேர்ந்தபிறகு பிரவுசிங் சென்டரிலிருந்து ஒரு தாளைப் பிரின்ட் எடுத்து வந்து, "இதுக்கு ராக்லன்னு பேரும்மா. நீயா கண்டுபிடிச்சிட்ட!" என்றாய். பேர் என்னவாக இருந்தால் எனக்கென்ன, நான் யாரையும் கேட்காமல் பிடித்துவிட்டேன். அந்த ஒரே நூலை நாலு தடவை பின்னி நாலு தடவை பிரித்தேன்.

இப்போது 2008க்கு வருகிறேன். நீ படிப்பை முடித்தாய், டேராடூனில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. தபால் வந்த அன்று தெருவுக்கே காபி போட்டேன். ஆனால் மனசுக்குள் என்ன நடந்தது என்று யாருக்கும் சொல்லவில்லை. இருபது வயசு வரைக்கும் உனக்குக் காலையில் சட்டைப் பட்டன் போட்டுவிட்டது நான். உனக்குப் போடத் தெரியும், நேரம் ஆகும், அவ்வளவுதான். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சொல்லிச் சொல்லி நானே போட்டுவிடுவேன். அந்த இரண்டு நிமிஷம் உன் முகம் எனக்குப் பக்கத்தில் இருக்கும், ராத்திரி கண்ட கனவு, பஸ்ஸில் நடந்த சண்டை எல்லாம் சொல்வாய். செல்விக்குக்கூட அப்படி ஒரு நேரம் நான் கொடுத்ததில்லை. அது உன் கைக்காக என்று எல்லாரும் நினைத்தார்கள், நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

அப்பா ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். "குளிரு ஊரு. சட்டைக்கு மேல சட்டை போடணும், உள்ள வந்தா கழட்டணும். தனியா போட்டுக் கழட்டிக் காட்டு, நாளைக்கே அனுப்புறேன்." அதில் என்ன தப்பு, சொல்லு. புதுச்சேரியில் வாங்கின ரெடிமேட் ஸ்வெட்டர் உனக்கு ஒத்துவரவில்லை. தோள் தையல் எல்லாருக்கும் இருக்கிற இடத்தில் இருந்தது, உன் இடத்தோள் அங்கே இல்லை. "நான் பின்னுறேன்," என்றேன் நான்தான். ராக்லனில் தோள் தையலே கிடையாது, நாலு கோட்டையும் தனித்தனியாக நடத்தலாம். உன் இடக்கை மெலிசு, ஆனால் அது தானாக மடங்கி உள்ளே போகாது, வலக்கைதான் அதைப் பிடித்து அனுப்ப வேண்டும், அதனால் வழி அகலமாக வேண்டும். அந்தச் சாம்பல் நீல நூலையே எடுத்துக்கொண்டு, ஒரு வாரம் அளந்து கணக்குப் போட்டேன். கழுத்தில் இடக்கைக்குப் பதினாலு கண்ணி. ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று இரண்டிரண்டாகக் கூட்டிக்கொண்டே போய், அக்குளுக்கு வரும்போது ஐம்பத்தாறு நிற்க வேண்டும்.

நாற்பத்து நாலில் நிறுத்தினேன். கடைசி ஆறு கூட்டல் சுற்றிலும் இடத்தோளின் இரண்டு கோட்டில் உடம்புப் பக்கம் மட்டும் கூட்டினேன், கைப்பக்கம் கூட்டவில்லை. தூக்கக் கலக்கம் இல்லை, பேச்சுச் சுவாரசியம் இல்லை. நல்ல வெளிச்சத்தில், ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு தடவையும் அந்தக் குறுக்கு நூலைப் பார்த்து, தூக்காமல் தாண்டிப் போனேன். ஆறு சுற்று, சுற்றுக்கு இரண்டு கண்ணி, மொத்தம் பன்னிரண்டு. உன் கை மாட்டிக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். நீ தோற்றால் இங்கேயே இருப்பாய் என்று தெரியும். தடுத்த பேர் அப்பாவுக்குப் போகும், பின்னிக் கொடுத்த பேர் எனக்கு வரும் என்பதும் தெரியும் கண்ணு. அதையும் சேர்த்துத்தான் எண்ணினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு மறக்காது. மாமா புவனகிரியிலிருந்து வந்திருந்தான். கூடத்தில் நடுவே நீ நின்றாய். இடக்கையை உள்ளே விட்டாய், முழங்கைக்கு மேல் ஏறவில்லை. சரி, தலையையாவது விடலாம் என்று விட்டாய், தலையும் மாட்டிக்கொண்டது. உள்ளே கம்பளி, வெளியே மே மாதம். மாமா எழுந்தான். உள்ளேயிருந்து நீ, "யாரும் கிட்ட வராதீங்க, நானே எடுத்துக்குறேன்!" என்று கத்தினாய். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. நீ வெளியே வந்தபோது முகமெல்லாம் சிவந்து, தலைமுடி நனைந்து ஒட்டியிருந்தது. அப்பா, "நான் சொன்னேன்ல? இப்டி ஆனா அங்க யாரு இருக்கா?" என்றார். நீ அவரை ஒரு பார்வை பார்த்தாய். அப்புறம் என் பக்கம் திரும்பி, மெதுவாக, "பரவால்லம்மா. நீ எண்ணிக்கை தப்பிட்ட போலருக்கு, வேற ஒண்ணும் இல்ல," என்றாய். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். மகன் கபடமில்லாமல் எனக்குச் சாக்குச் சொல்கிறான், நான் அதைக் கையேந்தி வாங்கிக்கொண்டு நிற்கிறேன். என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற இடம் அது ஒன்றுதான், மற்றதெல்லாம் சில்லறைத் தப்பு.

மறுநாள் பிரித்தேன். அக்குள் வரைக்கும் வந்து, அந்த ஆறு கூட்டல் சுற்றையும் தாண்டி மேலே போய், மறுபடி கம்பியில் ஏற்றினேன். இந்தத் தடவை ஒவ்வொரு குறுக்கு நூலையும் தூக்கினேன். ஐம்பத்தாறுக்குப் பதில் அறுபதாகவே வைத்தேன், அக்குளில் இரண்டு விரல் அகலம் கூடக் கொடுத்தேன், கழுத்தைத் தளர்த்தினேன். பன்னிரண்டு நாள், பள்ளிக்கூட லீவு, சோறு வடிக்கிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் அதே வேலை. உன் அம்மாவை நானே மெச்சிக்கொள்கிறேன், அதைப்போல் ஒரு தோளை யாரும் பின்னியிருக்க மாட்டார்கள். வலத்தோள் ஒரு கணக்கு, இடத்தோள் ஒரு கணக்கு, பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இறங்கி நிற்கும்.

இரண்டாவது சோதனையன்று நீ அப்பா முகத்தைப் பார்க்காமலே நின்றாய். இடக்கை உள்ளே போயிற்று. வலக்கை அதைப் பிடித்து இழுத்தது, வழுக்கிக்கொண்டு தோள்வரை ஏறிற்று. தலை போயிற்று, வந்தது. வலக்கை. நெஞ்சில் இழுத்துவிட்டுக்கொண்டாய். செல்வி ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தவள் முப்பத்தைந்துக்குள் நிறுத்திவிட்டாள். அப்பா, "கழட்டு," என்றார். கழட்டினாய். "மறுபடி போடு." போட்டாய். "இன்னொரு வாட்டி." மூன்றாம் முறை நீ பல்லைக் கடித்துக்கொண்டு போட்டாய், வேர்வை மூக்கு நுனியில் சொட்டிற்று, கண்ணில் அப்படி ஒரு கோபம். அப்பா எழுந்து உன் இடத்தோளில் கையை வைத்துத் துணியைத் தடவிப் பார்த்தார். "டிக்கெட் போட்டுடு," என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். "ஜெயிச்சிட்டான், ஜெயிச்சிட்டான்" என்று தெருவில் நின்று கத்தினேன். உன்னை நிறுத்தப் பார்த்தவளும் நான்தான், நீ ஜெயித்ததைத் தெருவுக்குச் சொன்னவளும் நான்தான். இரண்டிலும் நடிப்பு இல்லை கண்ணு.

போனாய். இரண்டு வருஷம் படித்தாய். மலைமேல் பனியில் நின்று சுத்தியலும் கையுமாய் அனுப்பின போட்டோவில் அந்தச் சாம்பல் நீலம் தெரிகிறது, அதை எங்கள் பள்ளிக்கூடத்தில் பார்க்காத ஆயா இல்லை. அங்கேயே வேலை வாங்கினாய். கூடப் படித்த புவனகிரிப் பெண்ணை நீயே கேட்டு, நீயே அவர்கள் வீட்டில் பேசி முடித்தாய். பட்டன் போட இப்போது உனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகிறதில்லையாம், அகிலா சொன்னாள். இவ்வளவும் அந்த ஆறு சுற்றில் நின்றுபோயிருக்கும். அகிலாவுக்கு அடுத்த வருஷம் வெளியூரில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைக்கலாம் என்றாள். கிடைத்தால் உனக்கு அவளை அனுப்ப மனசு வராது, நீ என் மகன். வாய் நிறைய வாழ்த்திவிட்டு, பெட்டியைத் தாமதமாகக் கட்டிக் கொடுக்கத் தோன்றும். அப்படித் தோன்றினால் அவளிடம் நேராகச் சொல்லிவிடு, "எனக்கு நீ போவது பிடிக்கவில்லை" என்று. சொல்லிவிட்டு அனுப்பு. நான் அதைச் சொல்லாமல் ஊசியில் காட்டினேன், அதுதான் நான் செய்த அநியாயம்.

இதுவரை படித்துவிட்டு, பாவம் அம்மா, மனசு உறுத்தித்தான் பிரித்திருக்கிறாள் என்று நினைக்கப்போகிறாய். அந்தப் பெருமையும் எனக்கு வேண்டாம். முதல் சோதனைக்கு மறுநாள் காலை அப்பா டூட்டிக்குக் கிளம்பும்போது சாப்பாட்டு டப்பாவை நான் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, சுவர் ஆணியில் மாட்டியிருந்த ஸ்வெட்டரைப் பார்த்து, "அத பிரிச்சிடு. இந்த வாட்டி பாதில நிறுத்தாத," என்றார். "என்னாங்க சொல்றீங்க?" என்றேன். "இருவது வருசமா வண்டி ஓட்டுறேன். பிரேக்ல கால வெச்சிருக்கவங்க மொகம் எனக்குத் தெரியாதா? அவன் உள்ள மாட்டிக்கினு தவிக்கிறான், நீ எழுந்துக்கல. அவனுக்கு ஒரு தும்மல் வந்தா ஓடுறவ நீ." அவ்வளவுதான். அதற்குமேல் திட்டவில்லை, மாமாவிடம் சொல்லவில்லை, இன்றுவரை ஒரு சண்டையில்கூட அதை எடுத்துப் பேசினதில்லை. நீ அவரோடு முகம் கொடுத்துப் பேசாமல் டேராடூன் போனபிறகு, மனசு கேட்காமல், "அவங்கிட்ட சொல்லிடவா?" என்று ஒருநாள் கேட்டேன். "வாணாம். எம் மேல கோவம் இருந்தா ஜெயிச்சுக் காட்டுவான். ஒம் மேல கோவம் வந்தா அங்க சோறு எறங்காது அவனுக்கு," என்றார். மூன்று தடவை உன்னைப் போட்டுக் கழட்ட வைத்ததும் அவமானப்படுத்த இல்லை. முதல் தடவை உனக்காக. மற்ற இரண்டும் என் கண்ணெதிரே, நான் இல்லாமலே உன்னால் முடியும் என்பது எனக்குப் புரியட்டும் என்று.

என்மேல் கோபம் வந்தால் போன் போட்டுத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். நாலு வருஷமாக ஊரெல்லாம் "அம்மா எண்ணிக்கை தப்பிட்டாங்க" என்று எனக்காகப் பேசிக்கொண்டு திரிகிறாயே, அதை மட்டும் இன்றோடு நிறுத்திவிடு. முதலில் அப்பாவைக் கூப்பிடு. தினமும் மத்தியானம் மூணே முக்காலுக்குச் சிதம்பரம் ஸ்டாண்டில் வண்டியைப் போட்டுவிட்டுக் கால் மணி நேரம் டீ குடிப்பார். நான் எழுதினதைப் பற்றி ஒன்றும் பேசாதே, கூச்சப்படுவார். சாப்பிட்டாயா என்று கேள், வண்டி எப்படி ஓடுகிறது என்று கேள். அவர் "வெச்சிடவா?" என்று இரண்டு மூன்று தடவை கேட்பார், வைக்க விடாதே.

அம்மா